ஏழைகளின் நாணயத்தை நம்பிய ரெய்பீசன்

பசித்து வந்தோர்க்கு உணவிடுதல் அறங்களுள் தலையாயதென்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. அன்ன சத்திரங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் அக்கொள்கைக்குச் சான்றாக நம் நாட்டுப் பெருவழிகளிலெல்லாம் நின்றன. அவ்வறத்தைக் குறைத்துக் கூறுதல் எம் கருத்தன்று. எனினும், நேற்று வந்து உண்டவன் இன்றும் வருகின்றான். இன்று வந்தவன் நாளை தன் மகனையும் உடனழைத்து வருகின்றான். இந்நிலையில், யாம் இட்ட சோறு அவன் வறுமையைத் தீர்த்ததா, அன்றி அவனை எம் வாயிலிலேயே கட்டி வைத்ததா என்னும் வினா எழாமற்போகாது. ஈகை செய்யும் நெஞ்சம் படைத்தார் யாவரும் ஒருநாள் இவ்வினாவை எதிர்நோக்கியே தீர்வர்.

இவ்வினாவைத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியும் சுமந்து திரிந்து, பலகால் தவறியும் திருந்தியும் முடிவில் விடை கண்டவர் ஜெர்மனி தேசத்துப் பிரெடரிக் வில்லெம் ரெய்பீசன் என்பார். ஐக்கிய நாணயச் சங்கம் என்னும் பெயரை அறிந்தோர் பலர். அதற்கு வித்திட்டவர் வரலாற்றை அறிந்தோர் சிலரே. ஆதலின் அப்பெரியோர் சரிதத்தை நம் அன்பர்கள் முன் சுருக்கமாக வைக்கத் துணிந்தனம்.

பிறப்பும் இளமையும்

ரெய்பீசன் 1818-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ம் நாள், ஸீக் ஆற்றங்கரையிலுள்ள ஹாம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் ரைன் நதிக்குக் கிழக்கே கிடக்கும் வெஸ்டர்வால்ட் என்னும் மலைநாட்டைச் சார்ந்தது. குளிர் மிக்க, மண்வளம் குன்றிய நாடு அது. பெற்றோர்க்குப் பிறந்த மக்கள் ஒன்பதின்மருள் இவர் ஏழாமவர். தந்தையார் உழவர், சிறிதுகாலம் அவ்வூர்த் தலைமையும் வகித்தவர். அவர் நோயுற்றமையால் குடும்பச் சுமை முழுதும் அன்னையார் தோள்மேல் விழுந்தது. உயர்தரப் பள்ளிக்கு அனுப்பப் பொருளில்லை. அவ்வூர்த் தேவாலயப் போதகர் இச்சிறுவரின் அறிவுக்கூர்மையைக் கண்டு, தம் இல்லத்திலேயே மூன்றாண்டுகள் கற்பித்தார். ரெய்பீசன் பெற்ற கல்வி பெரும்பாலும் அவ்வளவே.

17-ம் அகவையில் அவர் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். ஒழுங்கும் கணக்கும் கற்ற படைவீரராய் உயர்ந்துவரும் நாளில் கண்ணோய் வந்து பற்றியது. 1843-ல் படையை விட்டு விலகி, அரசாங்க உத்தியோகத்திற் புகுந்தார். 1845-ல் வையர்புஷ் என்னும் ஊரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் ஆளும் தலைவராக நியமிக்கப்பெற்றார். அப்போது அவருக்கு வயது 27 கூட நிரம்பவில்லை. எமிலி என்னும் நங்கையை மணந்துகொண்டதும் அவ்வாண்டிலேயே ஆகும்.

பஞ்சமும் ரொட்டிச் சங்கமும்

அவர் தலைமை ஏற்ற மறு ஆண்டே பஞ்சம் வந்தது. உருளைக்கிழங்குப் பயிரை நோய் தின்றது. தானிய விளைவும் பொய்த்தது. 1846-47 குளிர்காலத்தில் மலைநாட்டு ஏழைகள் உணவின்றி வருந்தினர். அரசினர் மாவு அனுப்பினர். ஆயின், ரொக்கம் கொடுப்பார்க்கே அதனை விற்கவேண்டுமென்று கட்டளையும் உடன் அனுப்பினர். ரொக்கம் உடையவன் பஞ்சத்தில் வாடுவானேன்? இளைஞராகிய ரெய்பீசன் அக்கட்டளையின் எழுத்தைப் பாராது, பசித்தோர்க்குக் கடனாகவே மாவு கொடுக்கச் செய்தார்.

அம்மட்டில் நில்லாது, ஊரிற் பொருளுடையாரைக் கூட்டி ஒரு நிதி திரட்டினார். அந்நிதியால் தானியம் வாங்கப்பட்டது. ஊர்ப் பொதுவில் ஓர் அடுமனை கட்டப்பட்டது. அதிற் சுட்ட ரொட்டி கடைவிலையினும் மிகக் குறைந்த விலைக்கு, பின்னர்த் தருவதாக ஒப்புக்கொண்டார்க்குக் கடனாக அளிக்கப்பட்டது. இதற்கு வையர்புஷ் ரொட்டிச் சங்கம் என்று பெயர். அடுத்த பட்டத்திற்கு விதைக்கிழங்கும் அச்சங்கத்தால் வாங்கப்பட்டது. ரொட்டியை வீசிக் கொடாது கடனாகக் கொடுத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. வாங்கியவன் இரவலன் ஆகாது கடனாளி ஆயினான். கடனாளியாவது தலைநிமிர்ந்து நிற்க ஓர் இடம் உண்டு. எனினும் அந்நாளில் ரெய்பீசன் இவ்வேறுபாட்டின் முழு ஆழத்தையும் உணர்ந்திலர். செல்வர் மனமிரங்கினால் வறுமை நீங்கும் என்பதே அவர்தம் நம்பிக்கையாக இருந்தது.

மாட்டுக் கடனின் கொடுமை

1848-ல் அவர் பிளாமர்ஸ்பெல்ட் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டார். ஆங்கு அவர் கண்டது பஞ்சத்தினும் கொடியதொரு நோய். பஞ்சம் ஓராண்டில் வந்து மறையும். கடன் தலைமுறை தோறும் வளரும். உழவனிடம் நிலம் சிறிது, பொருள் இல்லை. பசு ஒன்று இல்லையேல் பாலுமில்லை, எருவுமில்லை, ஏர் பூட்டவும் வழியில்லை. எனவே அவன் மாட்டு வணிகனிடம் செல்வான். வணிகன் பசுவைக் கொடுப்பான். ஆயின் அது வணிகனுடைய பசுவே. தீனி போட்டு வளர்ப்பவன் உழவன். கன்றிலும் ஊதியத்திலும் பங்கு பெறுபவன் வணிகன். தவணை தவறினால் பசு திரும்பப் போகும். அதனோடு நிலமும் போவதுண்டு. நம் நாட்டுக் கிராமங்களில் நெல்லுக்கும் மாட்டுக்கும் வட்டிக்கு வட்டி கட்டி ஓய்ந்தவர் கதையை அறிந்த நமக்கு இஃது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

ரெய்பீசன் 1849-ல் அப்பகுதிச் செல்வர் 60 பேரைச் சேர்த்து ஓர் உதவிச் சங்கம் அமைத்தார். அவர்கள் தானமாகப் பொருள் கொடுத்திலர். சங்கத்தின் கடனுக்குத் தம் சொத்து முழுதும் ஈடாக நிற்குமென்று ஒருங்கே பொறுப்பேற்றனர். அப்பொறுப்பை நம்பி வெளியார் சங்கத்துக்குக் கடன் கொடுத்தனர். அப்பணங்கொண்டு ரொக்க விலைக்கு மாடு வாங்கி உழவர்க்குக் கொடுத்து, 5 ஆண்டுகளில் தவணையாக விலையைப் பெற்றுக்கொண்டனர். நாளடைவில் மாட்டுக்குப் பதிலாகப் பணமே கடனாகக் கொடுக்கப்பட்டது. வணிகன் பிடியினின்று பல குடும்பங்கள் விடுபட்டன.

நல்லோர் சோர்ந்த கதை

1852-ல் அவர் நோய்வீட் நகரையடுத்த ஹெட்டெஸ்டோர்ப் என்னும் ஊருக்குத் தலைவரானார். ஈண்டு 1854-ல் அவர் தொடங்கிய தரும சங்கம் முன்னைய இரண்டினும் பெரிய நோக்கமுடையது. மாட்டுக் கடன், பணக் கடன் என்பனவற்றோடு, பேணுவாரற்ற சிறார்களை வளர்த்தலும், வேலையற்றோர்க்கும் சிறையினின்று மீண்டோர்க்கும் தொழில் தேடித் தருதலும் அதன் கடமைகளாக விதிக்கப்பட்டன. இத்துணை நல்லெண்ணத்தோடு பிறந்த சங்கம் எவ்வாறு வாழ்ந்தது என்பதே நாம் கூர்ந்து கற்கவேண்டிய பாடம்.

தொடக்கத்தில் ஊக்கம் மிகுதியாக இருந்தது. ஆண்டுகள் செல்லச்செல்ல அது தேய்ந்தது. சிறார் வளர்ப்பும், தொழில் தேடித் தருதலும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. எஞ்சியது கடன் கொடுத்தல் ஒன்றே. அதிலும் செல்வர் சலிப்புற்றனர். பிறர் கடனுக்குத் தம் வீட்டையும் நிலத்தையும் எத்துணை ஆண்டுகள் ஈடாக வைத்துக்கொண்டிருத்தல் இயலும்? அவர்மேற் குற்றமில்லை. ஒருசாரார் என்றும் கொடுப்போராகவும் மற்றொருசாரார் என்றும் பெறுவோராகவும் இருக்கும் அமைப்பில், கொடுப்பவன் கை சோர்வதும் பெறுபவன் மனம் சுருங்குவதும் இயல்பு. கடன் வாங்கியவனுக்குச் சங்கத்தில் இடமில்லை, வாக்கில்லை, பொறுப்புமில்லை. சங்கம் கெட்டாலும் அவனுக்கு இழப்பில்லை. இழப்பில்லாதவன் காவல் செய்வானா?

இதனை ரெய்பீசன் எளிதில் ஒப்புக்கொண்டாரல்லர். செல்வர் வறியோர்க்கு உதவுதல் கிறித்தவரின் கடமை என்பது அவர் நெஞ்சில் ஊறிய கொள்கை. அக்காலத்தில் ஜெர்மானிய நகரங்களில் கைத்தொழிலாளர்க்குச் சேமிப்புக் கடன் சங்கங்கள் நிறுவிவந்த ஷூல்ஸே-டெலிட்ஷ் என்னும் அறிஞர், தன்னுதவியே நிலைக்கும், தருமம் நிலையாது என்று வற்புறுத்திவந்தார். ரெய்பீசனோ பல ஆண்டுகள் தம் வழியிலேயே நின்றார். முடிவில் தம் கண்முன்னே தம் சங்கம் தளர்வதைக் கண்டு, இத்தகைய சங்கங்கள் தன்னுதவியின்மேல் நிறுவப்பட்டால் மட்டுமே நிலைபெறும் என்று அவ்வறிஞருக்கே எழுதி ஒப்புக்கொண்டார். பத்தாண்டு உழைத்துக் கட்டிய வீட்டின் அடித்தளம் பிழையென்று கட்டியவரே கூறுவது எளிய செயலன்று. ரெய்பீசன் பெருமைக்கு யாம் காணும் முதற்காரணம் இதுவே.

புதிய அமைப்பு

1862-ல் அன்ஹௌஸன் என்னும் மலையூரில் கடன் சங்கம் ஒன்று புதிய முறையில் எழுந்தது. 1864-ல் ஹெட்டெஸ்டோர்ப் தரும சங்கமும் கலைக்கப்பட்டு, கடன் சங்கமாக மாறியது. இரண்டிலும் ஒரே தத்துவம் விளங்கிற்று: கடன் வேண்டுபவன் முதலில் உறுப்பினன் ஆதல் வேண்டும். முன்பு 60 செல்வர் ஏற்ற பொறுப்பை இப்போது ஏழை உழவர்கள் தாமே ஏற்றனர். ஒருவன் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. எல்லார் கடனுக்கும் ஒருவன் பொறுப்பு. தனித்தனியே நோக்கின் ஒவ்வொருவனுடைய நிலமும் சிறிது. எவனுக்கும் குறைந்த வட்டிக்குக் கடன் கிடையாது. ஐம்பது பேர் நிலமும் உழைப்பும் ஒன்றாக நின்றால் வெளியார் நம்பிக் கடன் கொடுப்பர். ஈயாத செல்வனிடம் இரந்து நிற்க வேண்டுவதில்லை. ஈயும் செல்வன் சலிப்பானோ என்று அஞ்ச வேண்டுவதுமில்லை.

ஆயின், அயலான் கடனுக்கு என் நிலம் ஈடாவது அச்சந் தருவதன்றோ? அவ்வச்சத்தையே ரெய்பீசன் காவலாக்கினார். சங்கத்தின் எல்லை ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊர்களளவே இருத்தல் வேண்டுமென்றார். அச்சிறு வட்டத்தில், எவன் உழைப்பாளி, எவன் குடிகாரன், எவன் சொன்ன சொல் தவறாதவன் என்பது எல்லார்க்கும் தெரியும். எக்காரியத்துக்குக் கடன் என்பதைக் கேட்டறிந்தே கொடுத்தனர். பசு வாங்கப் பெற்ற பணம் பசுவாயிற்றா என்பதை அண்டை வீட்டான் கண்ணே பார்த்துக்கொள்ளும். பயிரும் கன்றும் பயன் தரக் காலமாகுமாதலின், திருப்பித்தர ஆண்டுகள் பல கொடுத்தனர். கணக்கர் ஒருவர்க்கன்றி மற்றை அதிகாரிகட்குச் சம்பளமில்லை. ஆதாயம் பங்கிடப்படாது, என்றும் பிரிக்கவொண்ணாத சேமநிதியாகச் சேர்க்கப்படும். அந்நிதி ஒருவர் சொத்தன்று, ஊர்ச் சொத்து.

நம் மொழியில் நாணயம் என்னுஞ் சொல் காசையும் குறிக்கும்; வாக்குத் தவறாமையையும் குறிக்கும். காசு இல்லாதவனிடமும் மற்றை நாணயம் இருக்கக்கூடும் என்பதும், அதனையே முதலாக்கித் தொழில் நடத்தலாம் என்பதும் ரெய்பீசன் கண்டறிந்த உண்மை. தருமம் ஏழையின் இல்லாமையை நோக்குகின்றது. நாணயச் சங்கம் அவனிடம் உள்ளதை நோக்குகின்றது. இரண்டற்கும் வேறுபாடு இத்துணையே. ஆயின் இது மிகப் பெரிது.

துன்பமும் உழைப்பும்

இவ்வமைப்பு வேரூன்றிய அவ்வாண்டுகளிலேயே அவர்தம் இல்லம் இருளடைந்தது. 1863-ல் மனைவியார் இறந்தனர். பிறந்த மக்கள் எழுவருள் மூவர் சிறு பருவத்திலேயே மாண்டனர். கண்ணோய் முற்றி, எழுதவும் படிக்கவும் இயலாத நிலை வந்தது. 1865-ல், 47-ம் அகவையில், சிறு உபகாரச் சம்பளத்தோடு உத்தியோகத்தினின்று விலக நேர்ந்தது. அச்சம்பளம் குடும்பத்துக்குப் போதாமையால் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்று வைத்தார். பின்னர்த் திராட்சை மது வாணிகம் செய்தார். பிறர் கடனைத் தீர்க்க வழிகண்டவர் தம் பிழைப்புக்குக் கடை நடத்தவேண்டியதாயிற்று. எனினும் சங்கங்களிடம் கூலி பெற்று வாழ அவர் எண்ணிலர்.

அவர்க்குக் கண்ணாக நின்றவர் மூத்த மகளார் அமாலி. தந்தையார் சொல்லச்சொல்ல எழுதியும், வந்த கடிதங்களைப் படித்துக் காட்டியும், தாம் மணம் புரியாமலே அவர் தம் இளமையைத் தந்தையார் பணிக்கு ஈந்தனர். கடன் சங்கங்களைப்பற்றி 1866-ல் வெளிவந்து பலமுறை பதிப்பிக்கப்பட்ட ரெய்பீசனின் நூல் அம்மகளார் கையெழுத்தில் உருவானதே. அச்சங்கங்கள் நாடெங்கும் பரவியதில் அப்பெண்மணியின் பங்கைப் பேசுவார் அரியர்; ஆதலின் யாம் ஈண்டுக் குறித்தனம்.

ஓரூர்ச் சங்கத்தில் பணம் மிஞ்சியும் மற்றோரூர்ச் சங்கத்தில் குறைந்தும் இருப்பதைச் சீர்செய்ய, 1872-ல் நோய்வீட் நகரில் மத்திய பாங்கி ஒன்று நிறுவப்பட்டது. பங்குத்தொகையில்லாத இவர் சங்கங்களைச் சட்டத்திற்கு ஒவ்வாதனவென ஷூல்ஸே-டெலிட்ஷ் எதிர்த்தார். இருவர் வழக்கும் நெடுநாள் நிகழ்ந்தது. 1888-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ம் நாள், 70-ம் பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருக்க, ரெய்பீசன் காலமானார். அதற்குள் அவர் முறையிற் சங்கங்கள் ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் வேர்விட்டிருந்தன.

ஒரு குறை

பெரியோர் வரலாற்றிற் குறையை மறைத்தல் அவர்க்கும் பெருமையன்று, நமக்கும் பயனன்று. அம்மலைநாட்டில் மாட்டு வாணிகமும் சிறு கடனும் யூதர் பலர் தொழிலாக இருந்தமையின், வட்டிக் கொடுமையை ஒரு வழக்கத்தின் குற்றமாக மட்டும் கொள்ளாது, அவ்வினத்தார் குற்றமாகவே கொண்டு ரெய்பீசன் கடுஞ்சொற்கள் எழுதியதுண்டு. பிற்காலத்தில் அந்நாட்டில் அத்தகைய வெறுப்பு விளைத்த பேரழிவை அறிந்த நாம் இதனைச் சிறு குறையென்று தள்ளுதல் இயலாது. கொடிய வட்டி வாங்குவோன் எக்குலத்திலும் உளன். அதனால் அழிவோனும் எக்குலத்திலும் உளன். குலத்தின் பெயரால் ஒன்றுகூடும் நம்போன்றோர் இதனை இருமுறை நினைத்தல் நன்று. அவர் கண்ட முறையோ அவர் வெறுப்பினும் உயர்ந்தது. குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்குமாயின் எவரையும் பழிக்கவேண்டிய தேவையே இல்லாதொழியும்.

நம் நாட்டுக்கு வந்த வழி

இப்பெரியார் பெயர் தமிழ்நாட்டிற்கு வந்தமைக்கு ஒரு வரலாறு உண்டு. உழவர் கடனைத் தீர்க்கும் வழியை ஐரோப்பிய நாடுகளில் ஆராய்ந்து வருமாறு, சென்னை இராஜதானி அரசினர் 1892-ல் பிரெடரிக் நிக்கல்ஸன் என்னும் அதிகாரியை ஏவினர். அவர்தம் அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. நம் நாட்டு நிதிகளையும் அவர் அதில் ஆராய்ந்துள்ளார். அத்துணைப் பெரிய அறிக்கையின் சாரம், இந்நாட்டிற்கும் ஒரு ரெய்பீசனைத் தேடிக் காணவேண்டும் என்பதே. சட்டத்தினும் பணத்தினும் மனிதனே முதலாவான் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1904-ல் இந்திய ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. கிராமச் சங்கங்கட்கு ரெய்பீசன் முறையிலே வரையறையில்லாப் பொறுப்பு விதிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, அந்நாளிற் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் உழவர் சங்கம் ஒன்று தோன்றியது.

ஆயின் அமைப்பு வந்த விரைவில் ஆவி வந்திலது. 1951-52-ல் இந்தியா முழுதும் எடுத்த கிராமக் கடன் ஆராய்ச்சியில், உழவர் வாங்கிய கடனில் 100-க்கு ஏறத்தாழ 3 பங்கே சங்கங்கள் வழி வந்ததெனத் தெரிந்தது. மேலிருந்து வந்த பணத்தை வாங்கும் வாயிலாகச் சங்கத்தைக் கருதிய இடத்தில், அது மீண்டும் தருமமாகவே மாறிவிடுகின்றது. ஹெட்டெஸ்டோர்ப்பில் நேர்ந்ததே ஆங்கும் நேர்கின்றது. இதற்கு மாறாக, 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின் தமிழ்நாடெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் பழைய தத்துவத்தின் சாயலைக் காண்கின்றோம். ஒருவரையொருவர் அறிந்த பெண்கள் சிலர் கூடிச் சிறுகச் சேமித்து, தமக்குள்ளே கடன் கொடுத்து, ஒருவர்க்கொருவர் பொறுப்பாக நிற்கின்றனர். ரெய்பீசன் பெயரை அவர்கள் கேட்டிருப்பினும் இலராயினும், அவர் வழியினரே அவர்கள். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ கழகம் கூட்டுறவுக் கருத்தை 2016-ல் மக்கட்குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்காள், பஞ்சத்திற் சோறிடவேண்டும். நோயுற்றார்க்கும் முதியோர்க்கும் அனாதைகட்கும் கொடுக்கவேண்டும். அவர்களைத் தன்னுதவி பேசித் திருப்பியனுப்புதல் அறமாகாது. ரெய்பீசனும் அவ்வாறு செய்திலர். ஆயின் உழைக்கக் கையும் உரைத்த சொல்லும் உடைய ஒருவன் நம்மிடம் வரும்போது, இவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மட்டும் எண்ணாது, இவனை எவ்வாறு நம்மொடு அமர்த்தலாம் என்றும் எண்ணுதல் வேண்டும். ஆண்டு விழாவில் ஒரு விதவைக்குத் தையற் பொறி வழங்கிக் கைதட்டுகின்றோம். அடுத்த கூட்டத்தில் அவ்வம்மையார்க்கு ஒரு நாற்காலியும் ஒரு வாக்கும் உண்டா என்று கேட்டோமா? பெறுவோன் உறுப்பினன் ஆகுங்காறும் எவ்வுதவியும் பாதி உதவியே. இதனைக் கண்டுகொள்ள ரெய்பீசனுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அவர் வரலாற்றைப் படித்தறியும் நமக்கு அத்துணைக் காலம் வேண்டுவதில்லை.